எனக்கும்தான் ஒழுகுது

பச்சைத் துணியை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டார்கள். இடது காதுக்கு மட்டும் ஒரு ஓட்டை, மிச்சமெல்லாம் மூடல். அன்னபாக்கியம் கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். துணிக்குள் வெளிச்சம், பாசி பிடித்த ஊருணித் தண்ணீருக்குள் முங்கிக் கிடப்பதைப் போல இருந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாய் சில்லென்று ஊதியது. காதைச் சுற்றிப் போட்ட நாலைந்து ஊசியில் பாதித் தலை மரத்துப்போய், வேறு யாருடைய தலையையோ தன் கழுத்தில் ஒட்டவைத்த மாதிரி கனத்தது. "மரத்துப்போற ஊசிதாம்மா போட்ருக்கு, முழு மயக்கம் கெடையாது. எலும்பக் கொடையுற சத்தம் கேக்கும். பயப்படாதீங்க. தலைய மட்டும் அசைக்கக் கூடாது, என்ன?" டாக்டர் சுந்தரவடிவேலின் குரல், தலைமாட்டில் எங்கோ உயரத்திலிருந்து வந்தது. "சரிங்க சார்" என்றாள். பயப்படாதீங்க. முப்பத்தேழு வருசம் கருவேலங்கோட்டைத் துணை சுகாதார நிலையத்தில் நர்சம்மாவாக இருந்து எத்தனை ஆயிரம் பேருக்கு இதே வார்த்தையை இதே தொனியில் சொல்லியிருப்பாள். பிரசவ வலியில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கத்துகிறவளிடம், ஊசியைப் பார்த்து நழுவுகிற கிழவனிடம், அப்புறம், அப்புறம் வள்ளிமயிலிடம். இல்லை, அங்கே போகக் கூடாது. வெளியே மகள் செந்தாமரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள், கையில் ஃபிளாஸ்க்கோடு. அவள்தான் இழுத்து வந்தாள். போன மாசம் குளியலறையில் தலை சுற்றி விழுந்தபோது, "இனிமே ஒங்க பேச்சக் கேக்க மாட்டேம்மா" என்று காரில் ஏற்றினாள். ஸ்கேன் எடுத்தார்கள். தோல் காதுக்குள்ளே போய் உருண்டையாகக் கட்டி, சுற்றியிருக்கிற எலும்பைத் தின்றுகொண்டிருக்கிறது என்றார்கள். எத்தனை வருசமாம்மா ஒழுகுது என்று கேட்டார்கள். அம்பத்தஞ்சு வருசம் என்று சொன்னபோது அந்தச் சின்ன டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

குடையத் தொடங்கினார்கள். சத்தம் காது வழியாக வரவில்லை, எலும்பு வழியாக வந்தது. பல்லில், தாடையில், கண்ணுக்குப் பின்னால் எல்லாம் ஒரே சமயத்தில் கிர்ரென்றது. செவிடாகிப்போன காதுக்குள் இவ்வளவு சத்தமா என்று அவளுக்கு வியப்பாகக்கூட இருந்தது. நாற்பது வருசமாக அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குருவிச் சத்தம்கூட வந்ததில்லை. ஆறு வயதில் ஆரம்பித்தது. அம்மைக்குப் பிறகா, கம்மாயில் குதித்துக் குளித்ததாலா, யாருக்கும் தெரியாது. அம்மா பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை இளஞ்சூட்டில் ஊற்றுவாள், காதுக்குள் ஒரு வெதுவெதுப்பு இறங்கும், சுகமாக இருக்கும், மறுநாள் இரண்டு மடங்காக ஒழுகும். கமுதி கம்பவுண்டர் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி மஞ்சள் பொடியை உள்ளே ஊதுவார். இன்னொருத்தர் நுரைக்கிற மருந்தை விட்டார். காதுக்குள் சோடா பாட்டிலை உடைத்தது போல பொங்கியது. பெரிய மனுசியானால் நின்றுவிடும் என்றார்கள். ஆனாள், நிற்கவில்லை. கல்யாணம் ஆனால் நின்றுவிடும், பிள்ளை பெற்றால் நின்றுவிடும். பஞ்சு வைத்துக்கொண்டு, அதற்கு மேல் முடியை இழுத்துவிட்டுக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர்களை வலது பக்கமே உட்காரவைத்து, எப்படியோ வாழ்ந்துவிட்டாள். யாரும் சாகிற வியாதி என்று சொல்லவில்லை. மூக்கு ஒழுகுவது மாதிரி காது ஒழுகுவதும் ஒன்று. அவ்வளவுதான். நர்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டு வருசமும் வகுப்பில் அவள் இடது கோடியில் உட்காருவாள். வலது காதுதான் டீச்சரம்மா பக்கம் இருக்க வேண்டும். காது பற்றிய பாடம் ஒரு நாள்தான் நடந்தது. ஒரே நாள். அன்றைக்கு அவள் வந்திருந்தாள், ஊதா மையில் எழுதிக்கொண்டாள். எழுதியது ஞாபகம் இருக்கிறது. என்ன எழுதினாள் என்பதுதான், அதுதான், அங்கே வந்ததும் நினைப்பு சேலை முள்ளில் மாட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுகிறது.

"தண்ணி விடு, தண்ணி விடு. எலும்பு சூடாகக் கூடாது" என்றார் டாக்டர். "நிலோஃபர், இது எந்த வகை, சொல்லு." சின்ன டாக்டரம்மா தயங்கி, "ஆபத்தான வகை சார்" என்றாள். "அந்தப் பேரெல்லாம் விட்டாச்சும்மா. நான் படிச்சப்ப ரெண்டாப் பிரிச்சு வச்சிருந்தாங்க, ஆபத்தில்லாத வகை, ஆபத்தான வகைன்னு. ஆபத்தில்லாததுன்னு ஒதுக்குனதுலயும் சில பேருக்கு மூளை வரைக்கும் போச்சு. அப்புறம்தான் அந்தப் பேர எடுத்தாங்க. காது ஒழுகுதா, உள்ள பாரு. பாக்காம எதையும் சொல்லாத." பாக்காம எதையும் சொல்லாத. துணிக்குள் அன்னபாக்கியத்துக்கு வேர்த்தது. அவள் பார்த்தாளே. டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தாளே. முப்பத்தஞ்சு வருசத்துக்கு முந்தி ஒரு பங்குனி மாசம், வெயில் தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்த மத்தியானம். வள்ளிமயில் கரிமூட்டத்து வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். கன்னமெல்லாம் கரித்தூள், இடுப்பில் ஏழு வயசுப் பிள்ளை நாகஜோதி. நடக்கிற வயசுப் பிள்ளையை ஏன் தூக்கிக்கொண்டு வந்தாள் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "நர்சம்மா, இதுக்குக் காது ஒழுகுது. ஒரே வாடையா இருக்கு. கிட்டப் படுக்க முடியல. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரவா?" என்றாள். அன்னபாக்கியம் குச்சியில் பஞ்சு சுற்றித் துடைத்தாள். வாடை வந்ததா? வந்தது. வரவில்லை. அவளுக்கு அந்த வாடை தலையணை வாடை, தன் முந்தானை வாடை, இருபது வருசமாகத் தன்னோடு தூங்கி எழுந்த வாடை. மூக்குக்கு அது வாடையாகவே படவில்லை. "காதுன்னா அப்படித்தான் இருக்கும். சொட்டு மருந்து தாரேன், காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு. தண்ணி படாமப் பாத்துக்க" என்றாள். வள்ளிமயில் போகாமல் நின்றாள். "ஒண்ணும் செஞ்சிராதே?" அதற்குத்தான் அன்னபாக்கியம் சிரித்தாள், சிரித்துவிட்டு முடியை ஒதுக்கித் தன் இடது காதிலிருந்த பஞ்சைக் காட்டினாள். யாரிடமும் காட்டாததை அந்தக் கரிமூட்டத்துப் பொம்பளையிடம் காட்டினாள், நல்ல மனசோடுதான் காட்டினாள். "எனக்கும்தான் ஒழுகுது. சின்ன வயசுலருந்து ஒழுகுது. நான் செத்தா போயிட்டேன்?" வள்ளிமயிலும் சிரித்தாள். பிள்ளையும் அம்மாவைப் பார்த்துச் சிரித்தது. பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தால் ஒரு நாள் கூலி போயிருக்கும், அவ்வளவுதானே போயிருக்கும்.

தண்ணீர் உள்ளே பாய்ந்தது. குளிர்ந்த தண்ணீர். திடீரென்று மேசை ஒரு பக்கமாகச் சரிந்தது, பச்சை வெளிச்சம் வேகமாகச் சுழன்றது. அவள் கையால் தேடினாள். யாரோ ஒரு நர்ஸ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "தல சுத்துதாம்மா? தண்ணி குளுந்திருக்கு, அதான். இப்ப நின்னுரும்." அந்தப் பிள்ளைக்கும் சுற்றியிருக்கும். எட்டு நாள் கழித்து வள்ளிமயில் மறுபடி வந்து, நிக்கச் சொன்னா சாயிது நர்சம்மா, தலை வலிக்குதுன்னு அழுவுது, ரெண்டு தடவ வாந்தி என்றபோது, நிக்கச் சொன்னா சாயிது என்கிற அந்த ஒரு வார்த்தையை இந்த வலது காது கேட்கத்தான் செய்தது. வெயில் கொடுமை என்று நினைத்தாள். காய்ச்சல் மாத்திரையை இரண்டாக உடைத்துக் கொடுத்தாள். காது எப்படி இருக்கு என்று கேட்டாள், கேட்டாளே, அதை யாரும் மறுக்க முடியாது. "அது நின்னு போச்சு நர்சம்மா, ஒங்க மருந்துல நல்லாக் கேட்டுருச்சு." நின்று போச்சு. வெளியே வருவது நின்றால் உள்ளே போகிறது என்று அப்போது யாராவது சொல்லித் தந்தார்களா? சொல்லித் தந்திருந்தால்? ஊதா மையில் அந்த வரி இருந்ததா, துர்நாற்றம் இருந்தால் மேல் சிகிச்சைக்கு உடனே அனுப்பவும் என்கிற வரி? இருந்ததைப் போலத்தான் இருக்கிறது. எழுத்தின் சாய்வுகூடத் தெரிகிறது. பிறகு படித்ததை அவள் மனசே பழைய நோட்டில் எழுதிவைத்திருக்கவும் கூடும். நோட்டு இல்லை, எந்தக் காலத்திலோ கரையான் தின்றுவிட்டது. இருந்திருந்தால் ஒரு முறை புரட்டிப் பார்த்து, தெரிந்து செய்தாளா தெரியாமல் செய்தாளா என்றாவது முடிவு கட்டியிருக்கலாம். மூன்றாம் நாள் பிள்ளைக்குக் கழுத்து கம்பு மாதிரி விறைத்தது. டவுன் பஸ்ஸில் மடியில் போட்டுக்கொண்டு போனார்கள். அன்னபாக்கியமும் கூடப் போனாள். பரமக்குடி போவதற்குள் இரண்டு முறை வெட்டியிழுத்தது. அங்கே பார்த்த டாக்டர் காதைத்தான் முதலில் பார்த்தார். பிறகு யார் இதைப் பார்த்துக்கிட்டிருந்தது என்று கேட்டார். சீழ் மூளைக்குப் போயிருச்சு, மதுரைக்குக் கொண்டு போங்க என்றார். ஆம்புலன்சுக்கு நின்றுகொண்டிருக்கும்போதே நாகஜோதியின் கால் தளர்ந்தது, மூச்சும் நின்றது. யார் பார்த்துக்கிட்டிருந்தது என்று டாக்டர் கேட்டபோது வள்ளிமயில்தான் பதில் சொல்லியிருந்தாள், இவளைக் கைகாட்டி, பெருமையாகச் சொல்வது போல. "எங்க நர்சம்மாதான் சார், நல்லாப் பாத்தாக."

திட்டியிருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். அன்னபாக்கியம் காத்திருந்தாள், பதினாறாம் நாள் வரை காத்திருந்தாள், யாராவது வந்து கதவைத் தட்டி நீதானே சொன்னாய் என்று கேட்பார்கள் என்று. கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பாள். யாரும் வரவில்லை. இறப்புப் பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில் காய்ச்சல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது அவளே. இரண்டு தடவை வள்ளிமயில் வீடு வரை போனாள், சொல்லிவிடுவதென்றுதான் போனாள். முதல் தடவை, உட்காருங்க நர்சம்மா என்று அவள் பாயை உதறிப் போட்டாள். இரண்டாம் தடவை கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தாள். ஒன்றரை வருசத்தில் வள்ளிமயிலுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. பிரசவம் அன்னபாக்கியம்தான் பார்த்தாள். தடுப்பூசிக்குக் கொண்டு வந்து, "நீங்க கையில வாங்குங்க, ஒங்க கை ராசி" என்று குழந்தையை நீட்டினாள். அந்த நீட்டிய கைகள். செத்த பிள்ளையின் முகம்கூட மங்கிவிட்டது, நீட்டிய அந்தக் கரி படிந்த கைகள் மங்கவில்லை. அதற்கப்புறம் காது என்று யார் வந்தாலும், அழுக்கு அடைத்திருந்தாலும்கூட, அன்னபாக்கியம் பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினாள். ஊரில் சிரித்தார்கள். நர்சம்மாகிட்டக் காதச் சொறியாத, மதுரைக்கு அனுப்பிச்சிரும். பதினேழு வருசம் கழித்து மாவட்டத் தலைநகரில் காது கேளாமை பற்றி ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். ஒரு இளம் டாக்டர் திரையில் படம் காட்டினார். செவிப்பறையின் மேல் மூலையில் சின்னதாக ஒரு கிழிசல், அதற்குள் முத்து மாதிரி வெள்ளையாக ஒன்று. இது கொலஸ்டியாட்டோமா, பாக்க அழகா இருக்கும், எலும்பத் தின்னும், நாத்தம்தான் அடையாளம், ஒழுகுறது திடீர்னு நின்னு தலைவலி வந்தா ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீங்க. நூற்றிருபது நர்சுகள் எழுதிக்கொண்டார்கள். அன்னபாக்கியம் எழுதவில்லை. அவள் இடது காதில் பஞ்சு ஈரமாக இருந்தது. அன்றே தன் காதைக் காட்டியிருக்கலாம். அங்கேயே, அந்த டாக்டரிடமே. காட்டவில்லை. அதற்குப் பிறகும் பதினெட்டு வருசம் காட்டவில்லை. ஏனம்மா இவ்வளவு நாள் விட்டீங்க என்று செந்தாமரை அழுதாளே, அவளுக்கு என்னவென்று சொல்ல. இந்தக் காது தன்னைக் கொல்லாமல் இருக்கிற வரைக்கும், எனக்கும்தான் ஒழுகுது, நான் செத்தா போயிட்டேன் என்று சொன்னது பொய் ஆகாதில்லையா. வேறு வகையாக இருக்கலாமே. தன்னுடையது ஒன்றும் செய்யாத வகை, பிள்ளையுடையது வேறு வகை, இரண்டும் வேறு வேறு, அப்படியென்றால் அவள் பொய் சொல்லவில்லை, தெரியாமல் ஏமாந்துதான் போனாள். அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருசம் தொங்கினாள். போன வாரம் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது நூல் அறுந்தது. அதேதான். அதே முத்துதான். அவளுக்கு மெல்ல வளர்ந்தது, அந்தப் பிள்ளைக்கு வேகமாக வளர்ந்தது. ஏன் என்று கேட்டாள். "சின்னப் பிள்ளைங்களுக்கு வேகமா வளரும்மா" என்றார் சுந்தரவடிவேல், வேறு எதையோ எழுதிக்கொண்டே.

குடைவது நின்றது. ஏதோ மெல்லிய ஊசியால் சுரண்டுகிற சத்தம், பின் உறிஞ்சுகிற சத்தம். "வந்துருச்சு பாரு. முழுசா வந்துருச்சு" என்றார் டாக்டர். தட்டில் எதையோ வைத்தார்கள். "இங்க வந்து பாரு நிலோஃபர், இந்த மேல் தட்டு. மூளைக்கும் இதுக்கும் நடுவுல எலும்பு முட்டை ஓடு மாதிரி நிக்குது. இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா அவ்வளவுதான்." "அந்தக் காலத்துல என்ன சார் பண்ணுவாங்க?" "உளியும் சுத்தியலும் வச்சு எலும்ப வெட்டி எடுப்பாங்க. பொழைச்சாலும் காது போயிரும். அதுக்கும் முன்னாடி ஒண்ணும் கெடையாது, செத்துப்போவாங்க. இப்ப மைக்ராஸ்கோப் இருக்கு, இத்தன இருக்கு. இப்பவும் பாரு, கிராமத்துல காது ஒழுகுதுன்னு போனா உள்ள பாக்காமலே சொட்டு மருந்தக் குடுத்து ஒண்ணுமில்லன்னு அனுப்புற ஆளுங்க இருக்கத்தான் செய்றாங்க." குரலில் கோபம்கூட இல்லை, மழை பெய்யும் போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார். அன்னபாக்கியத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி, மூக்கின் மேட்டைக் கடந்து, அடியிலிருந்த நல்ல காதுப் பக்கமாக ஓடியது. துடைக்கக் கையில்லை. தோள் குலுங்கியது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கையைப் பிடித்திருந்த நர்ஸ், "சார், அம்மா அழுகுறாங்க" என்றாள். "வலிக்குதாம்மா?" என்றார் டாக்டர். "ஆமா சார்" என்றாள். "மருந்து எறங்கிருச்சு போல. இன்னும் கொஞ்சம் போடு." காதுக்கு மேலே சுருக்கென்றது. அதுவும் மரத்தது. அப்போதுதான், வாய் தானாகத் திறந்துகொண்டது. முப்பத்தஞ்சு வருசமாக வள்ளிமயிலிடம் திறக்காத வாய், கட்டின புருசனிடம் அவர் சாகும் வரை திறக்காத வாய், முகம் தெரியாத பச்சைத் துணிக்குள் திறந்துகொண்டது. "சார், நான் நர்ஸா இருந்தவ சார். ஒரு பிள்ள வந்துச்சு, பேரு நாகஜோதி. இதேதான் சார் அதுக்கும். நாந்தான் ஒண்ணும் செய்யாதுன்னு..." "பேசாதீங்கம்மா" என்றார் டாக்டர் சுந்தரவடிவேல், அன்பாகத்தான். "தாடை அசைஞ்சா இங்க எல்லாம் ஆடுது. இப்ப நரம்புப் பக்கத்துல இருக்கோம். எதுவா இருந்தாலும் அப்புறம் பேசிக்கலாம்." அன்னபாக்கியம் வாயை மூடிக்கொண்டாள். நல்ல நோயாளியாக, சொன்னபடி, அசையாமல் கிடந்தாள். தலைக்கு மேல் அவர்கள் வேறு பேச ஆரம்பித்தார்கள். சவ்வு ஒட்டுவது, தையல் நூல், அடுத்த கேஸ் சாப்பிடாமல் இருக்கிறாரா என்பது. அப்புறம் என்பது வராது என்று அவளுக்குத் தெரிந்தது. இனி ஒரு முறை வாய் அப்படித் தானாகத் திறக்காது.

கட்டுப் போட்டு, துணியை எடுத்தார்கள். விளக்கில் கண் கூசியது. முகமூடிக்கு மேலே டாக்டரின் களைத்த கண்கள் குனிந்து பார்த்தன. "முடிஞ்சுதும்மா. நல்லபடியா முடிஞ்சுது. காது கேக்காது, எலும்பெல்லாம் அரிச்சுப் போச்சு. ஆனா உசுருக்கு இனிமே பயமில்ல. முகத்து நரம்பு எப்படி இருக்குன்னு மட்டும் பாத்துக்கறேன். கண்ண இறுக்கி மூடுங்க. சரி. எங்க, பல்லு தெரியச் சிரிங்க பாப்போம்." அன்னபாக்கியம் அவரைப் பார்த்தாள். "சிரிங்கம்மா. நல்லா, ரெண்டு பக்கமும்." உதட்டை இழுத்து, ஈறு வரை தெரிய, அவர் போதும் என்று சொல்லும் வரைக்கும் சிரித்தாள்.

தள்ளுவண்டியைக் கதவுக்கு வெளியே கொண்டு வந்ததும் செந்தாமரை ஓடி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள். "சார், அம்மாவுக்கு..." டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே அடுத்த அறைப் பக்கம் திரும்பியிருந்தார்.

"ஒண்ணும் பயப்படாதீங்க" என்றார். "முகத்துக்கு ஒண்ணும் ஆகல. நல்லாச் சிரிச்சாங்க."